டோக்கன் எடுத்துப் போய் டாக்டரைக் கேட்டேன்

போன வாரம் நித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு மருந்துப் பிரிவில் என் நாற்காலிக்கு வந்தவள் அவள்.

"அக்கா, இங்க எல்லாம் கம்ப்யூட்டர் ஆயிடுச்சு. புது டாக்டரு அவர் ரூம்ல தட்டுனா என் திரையில வந்துடுது. இன்னிக்கு ஒரு மாத்திரையோட அளவு சரியாப் படலை. போய்க் கேட்டேன். திரையில வர்றதை எடுத்துக் குடுக்க வேண்டியதுதானே உன் வேலைன்னு அத்தனை பேர் முன்னாடியும் கத்திட்டாரு. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்புக்கா?"

அவள் கேட்டு முடிப்பதற்குள் எனக்கு உடம்பெல்லாம் சூடேறிவிட்டது. அடுப்பில் பால் வைத்திருந்தேன். அது பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோனது, நான் பேச்சை நிறுத்தவில்லை. வேலையை விட்டு வந்தால் கோபமும் விட்டுப் போகும் என்று யாரோ சொன்னார்கள். என் விஷயத்தில் அது பொய். அவளிடம் சொன்னது பாதிதான், மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமம். அம்மா நடவு வேலைக்குப் போய்த்தான் என்னைப் படிக்கவைத்தாள். தஞ்சாவூரில் மருந்தாளுநர் டிப்ளமோ முடித்து, மன்னார்குடியில் ஒரு மருந்துக் கடையில் சில வருஷம் நின்றுவிட்டு, பிறகு ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். அதன் பெயர் வேண்டாம். சுற்றிலும் வயல், வாசலில் பஸ் நிற்கும், எந்நேரமும் கூட்டம். அங்கேதான் கடைசிவரை இருந்தேன்.

அந்த மருத்துவமனைக்குச் சொந்தக்காரர் டாக்டர் சௌந்தரராஜன். சுற்றுவட்டாரத்தில் அவரைக் கைராசிக்காரர் என்பார்கள். அது உண்மைதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாய் இருக்கிறதே, அதைச் சகிக்க முடியாது. அவர் அறையில் பேசினால் மருந்து வாங்கும் ஜன்னல்வரை கேட்கும். கோபம் வந்தால் பஸ்ஸுக்கு நிற்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். வேலை செய்பவர் யாரையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நர்ஸுக்கு "ஏ ஊசி", ரத்தம் பரிசோதிப்பவருக்கு "ஏ ரத்தம்", எனக்கு "ஏ மருந்து". சம்பளம் கொடுக்கும் நாளில்கூட "மருந்துக்குக் குடுத்தாச்சா" என்றுதான் கேட்பார். நோயாளியைப் பார்க்கும்போதும் தலை நிமிராது. இடது கை நாடி பிடிக்கும்போதே வலது கை சீட்டு எழுத ஆரம்பித்திருக்கும். எழுதிய சீட்டைக் கையில் கொடுக்க மாட்டார், மேசை விளிம்புக்குத் தள்ளிவிடுவார். அது பறந்து கீழே விழுந்தால் நோயாளிதான் குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் சேர்ந்த புதிதில், வயலில் பூச்சி மருந்து அடிக்கும்போது காற்று எதிர்த்து வீசி மயங்கி விழுந்த ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். வாயில் நுரை. டாக்டர் ஒரு ஊசி மருந்தின் பெயரைச் சொல்லி, "அள்ளிட்டு வா" என்றார். நான் படித்த அளவைவிட அது பல மடங்கு அதிகம். "சார், இவ்வளவா?" என்று கேட்டேன். "நீ போய் புத்தகத்தைப் பாத்துட்டு நிதானமா வா. அதுக்குள்ள இந்தாளு செத்துடுவான்" என்று கத்தினார். கொடுத்தேன். அந்த மனிதர் பிழைத்து, தானே நடந்து வீட்டுக்குப் போனார். அந்த விஷத்துக்கு அந்த அளவு வேண்டும் என்பது டாக்டருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அவர் மீது மரியாதை வந்தது, அதே அளவுக்குக் கோபமும் வந்தது. மறுநாள் அவர் அறைக்குப் போனேன்.

"சார், நேத்து நீங்க செஞ்சது சரி. ஆனா நான் கேட்டா ஒரு வார்த்தை சொல்லுங்க."

"கேள்வி கேக்குறது உன் வேலை இல்ல."

"குடுக்கிறது என் வேலை சார். என்ன குடுக்கிறேன்னு தெரிஞ்சுதான் குடுப்பேன்."

அவர் நிமிரவே இல்லை. அடுத்த நாளிலிருந்து மருந்துப் பிரிவிலிருந்து டாக்டரை இன்டர்காமில் கூப்பிடக் கூடாது என்று உத்தரவு வந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஒரு குழந்தைக்கான சீட்டு வந்தது. காய்ச்சல் மருந்து. அதில் இரண்டு வீரியம் உண்டு, எது என்று எழுதவில்லை. குழந்தையின் அம்மா அவசரப்படுத்துகிறாள், டாக்டர் போனை எடுக்கவில்லை. நானாக ஊகித்துக் கொடுக்க வேண்டுமா?

ஜன்னலைச் சாத்தினேன். நேராக வரவேற்பு மேசைக்குப் போய், நோயாளிகளுக்குக் கொடுக்கும் டோக்கன் வில்லையை ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "உங்களுக்கு என்னம்மா செய்யுது?" என்று விசாரித்தார். "இன்னும் ஒண்ணும் செய்யலங்க, இனிமேதான்" என்றேன். குழந்தையின் அம்மாவும் விஷயம் புரிந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். மருந்து வாங்க வந்த கூட்டம் ஜன்னலில் சேர ஆரம்பித்தது. என் முறை வந்ததும் உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்தேன். டாக்டர் தலை நிமிராமல் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்ன செய்யுது?"

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். உங்க சீட்டுக்குத்தான் கொஞ்சம் உடம்பு சரியில்ல."

அப்போது நிமிர்ந்தார். முகம் சிவந்துவிட்டது. ஆனால் என் மணிக்கட்டு இன்னும் அவர் கையில்தான் இருந்தது. வாசலில் நின்ற நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் ஓடிவிட்டாள். டாக்டர் சீட்டைப் பிடுங்கி, வீரியத்தை எழுதி, விளிம்புக்குத் தள்ளினார். அது பறப்பதற்குள் நான் பிடித்துக்கொண்டேன். அன்று மத்தியானமே இன்டர்காம் எடுக்க ஆரம்பித்தார். எடுத்ததும் "என்னா இப்ப" என்பார், பதில் சொல்லிவிட்டு டொக்கென்று வைப்பார். எனக்குப் பதில்தான் வேண்டும், மரியாதை அப்புறம் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது நித்யாவிடம் சொன்ன பெரிய கதைக்கு வருகிறேன்.

சம்பா நடவு மும்முரமாக நடந்த சமயம். நடவு நாளில் எங்கள் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார்கள். ஒருநாள் வேலை போனால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். அதனால் ஒரு வழக்கம் உண்டு. ஆள் சேர்த்து அழைத்துப் போகிற பெண், அத்தனை பேருடைய பழைய சீட்டுகளையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்து வருவாள். டாக்டர் அவற்றைப் பார்த்து அதே மருந்து என்று எழுதித் தள்ளுவார். நான் ஆளுக்கு ஒரு கவராகப் போட்டு, பெயர் எழுதி, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று அவளிடமே சொல்லி அனுப்புவேன். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, முட்டி வலி என்று எல்லாம் பழைய நோய்கள்தான். யாருக்கும் இதில் தப்புத் தெரியவில்லை.

அப்படி வருகிறவள் ராசாத்தி. அவள் கூட்டத்தில் செல்லம்மா என்று ஒரு பெண். கைகால் மூட்டெல்லாம் வீங்கி முடங்கிக் கிடந்தவளை, டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்து மறுபடி வயலில் இறங்க வைத்திருந்தார். மெத்தோட்ரெக்சேட் என்று பெயர். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மாத்திரை அது. தினமும் போட்டால் வாய் புண்ணாகி, ரத்தத்தில் அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்து. செல்லம்மா நேரில் வந்த மாதங்களில் சனிக்கிழமை தோறும் ஒழுங்காகப் போட்டாள். நடவு ஆரம்பித்ததும் அவள் சீட்டும் ராசாத்தியின் பைக்குள் போய்விட்டது.

இரண்டு மாத மருந்து வாங்கிப் போன ராசாத்தி, மறு வாரமே திரும்பி வந்தாள். டாக்டர் அதே மருந்து என்று எழுதியிருந்தார்.

"என்ன ராசாத்தி, அதுக்குள்ளயா?"

"மத்தவங்களுக்கு இருக்கும்மா. செல்லம்மாளுக்குத்தான் தீந்துபோவுது. நீங்க கம்மியாப் போட்டுட்டீங்க போலிருக்கு."

கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"அவளுக்கு எப்பெப்ப குடுக்குற?"

"எல்லாருக்கும் குடுக்கிறப்பதான். டீ வர்ற நேரத்துல. கவரை மடியில வச்சா சேத்துல நனைஞ்சுபோவுதுன்னு எல்லாத்தையும் ஒரு டப்பாவுல போட்டு வச்சிருக்கேன். தெனம் நானே எடுத்துக் குடுத்துடுவேன்."

"செல்லம்மாளுக்கு வாரம் ஒண்ணுன்னு உன்கிட்ட சொன்னேனே?"

"சொன்னீங்கதான். எல்லாரும் மாத்திரை போட்டு டீ குடிக்கிறாளுவ, அவ மட்டும் கையை நீட்டிட்டு ஒக்காந்திருக்கா. ஒனக்கு இல்லடின்னு சொல்ல மனசு வரலம்மா. வலிக்கிற ஒடம்பு, அவளும் வேணாம்னு சொல்லல. நாலு பேரைப் போல அவளும் ஒண்ணு போட்டா கெட்டா போயிடும்னு குடுத்தேன்."

எனக்கு அவளைத் திட்டத் தோன்றவில்லை. கூலியை ஒரு காசு கூடக்குறையப் பங்கு போட மாட்டாள், மோரை ஊற்றினால் அத்தனை டம்ளரும் ஒரே மட்டமாக இருக்கும். அந்த நியாயத்தில்தான் மாத்திரையையும் பங்கு வைத்திருக்கிறாள். அம்மா இருந்திருந்தால் அவளும் அப்படித்தான் செய்திருப்பாள் என்று தோன்றியது.

"அவ வாய் எப்படி இருக்கு?"

"அதை ஏன் கேக்குறீங்க, வாயெல்லாம் வெந்துபோயிருக்கு. ரெண்டு நாளா சோறு எறங்கல. உஷ்ணம்னு மோரு குடிச்சிக்கிட்டு நடவுக்கு வர்றா."

"இன்னிக்கு மாத்திரை?"

"ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. டப்பாவை எம் மருமவகிட்ட குடுத்து, டீ வந்ததும் குடுக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

ராசாத்தியின் மருமகளுக்குப் போன் செய்தோம். அது வரப்பில் எங்கேயோ பையில் கிடந்திருக்கும், அடித்துக்கொண்டே இருந்தது. டீ வருவதற்கு அதிக நேரம் இல்லை. நான் டோக்கனெல்லாம் எடுக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் அறைக்குள் போய், ஒரே மூச்சில் சொன்னேன். அவர் பேனாவை வைத்தார்.

"நான் வாரம் ஒண்ணுன்னுதான் எழுதியிருக்கேன்."

"ஆமா சார்."

"அதைச் சொல்லிக் குடுக்க வேண்டியது நீ. என் மேல போடாத."

"நானும் சொல்லித்தான் குடுத்தேன் சார். யார் பொறுப்புன்னு சாயங்காலம் சண்டை போட்டுக்கலாம். அந்தம்மா இப்ப இன்னொண்ணு முழுங்கப்போவுது. நான் போய்த் தடுத்துக் கூட்டிட்டு வர்றேன்."

"வெளியில எத்தனை பேர் மருந்துக்கு நிக்கிறான் பாரு. கவுண்டரை விட்டுப் போனா அப்படியே வீட்டுக்குப் போயிடு."

அந்தச் சம்பளத்தில்தான் என் வீடு ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் மருந்து அறைச் சாவியை அவர் மேசையில் வைத்தேன். சத்தமில்லாமல்தான் வைத்தேன். ராசாத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. யாராவது மோட்டார் சைக்கிளில் வந்தால் மறிக்கலாம் என்று ரோட்டின் நடுவில் நின்றேன்.

மறித்தது டாக்டரின் காரை. அவர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் அப்படியே தொங்கியது. கண்ணாடியை இறக்கி, "ஏறித் தொலை" என்றார்.

வழியெல்லாம் திட்டிக்கொண்டே ஓட்டினார். என்னை, ராசாத்தியை, ரோட்டை, குறுக்கே வந்த ஆட்டை, எல்லோரையும் திட்டினார். ராசாத்தி பின்சீட்டில் அழுதுகொண்டே வழி சொன்னாள். வாய்க்கால் மதகோடு கார்ப் பாதை முடிந்துவிட்டது. அதற்கு மேல் வரப்புதான். நானும் ராசாத்தியும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினோம். டாக்டர் ஷூவோடு இறங்கினார். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் தொப்பென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், அவர் இடுப்புவரை சேற்றில் நிற்கிறார். ஐயோ பாவம் என்றும் இருந்தது, உள்ளுக்குள் ஒரு ஓரத்தில் சந்தோஷமாகவும் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

தூரத்தில், நட்டு முடித்த வயலுக்கு அந்தப் பக்கம், பெண்கள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டீத் தூக்கு வந்துவிட்டது. ராசாத்தியின் மருமகள் டப்பாவைத் திறந்து ஒவ்வொருவர் கையிலும் மாத்திரை வைத்துக்கொண்டே போகிறாள். "செல்லம்மா, செல்லம்மா" என்று கத்தினேன். எனக்கு மூச்சு வாங்கியதில் குரலே எழும்பவில்லை. ராசாத்தி அழுதுகொண்டே கையை மட்டும் ஆட்டினாள். பக்கத்து வயலில் டிராக்டர் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"ஏய், எவளும் மாத்திரையை வாயில போடக் கூடாது. கீழ போடு. எல்லாரும் கீழ போடுங்கடி."

அத்தனை வருஷம் அந்தக் குரலை நான் சபித்திருக்கிறேன். அன்றைக்கு அது டிராக்டர் சத்தத்தைத் தாண்டி, வயலைத் தாண்டிப் போனது. மடையில் நின்ற கொக்குகள் எழும்பிப் பறந்தன. பெண்கள் அத்தனை பேரும் சிலையாகிவிட்டார்கள். செல்லம்மாவின் கை வாய்க்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. நான் ஓடிப்போய் அந்தக் கையைப் பிரித்து மாத்திரையை எடுத்தேன். எடுத்துவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் வந்து சேர்ந்தார். செல்லம்மாவின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். உதடெல்லாம் வெந்து, நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் புண். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். "நட" என்றார். அவளால் வேகமாக நடக்க முடியவில்லை என்றதும், ஒரு பக்கம் அவரே தாங்கிக்கொண்டார்.

ரத்தத்தில் வெள்ளையணுக்கள் குறைந்திருந்தன. அந்த மாத்திரையை முறிக்கும் ஊசி மருந்து எங்களிடம் இல்லை. தஞ்சாவூரில் தெரிந்த கடைகளுக்கெல்லாம் நான் போன் செய்து கண்டுபிடித்தேன். டாக்டர் தன் காரையே அனுப்பி வாங்கிவரச் செய்தார். சாவி இன்னும் அவர் மேசையில்தான் இருந்தது. நான் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய் என் ஜன்னலைத் திறந்தேன். செல்லம்மாவைத் தனி அறையில் வைத்து, யாரையும் கிட்டே விடாமல் பார்த்துக்கொண்டோம். சில நாளில் புண் ஆறத் தொடங்கியது. முதன்முதலாக ரசம் சாதம் உள்ளே போன அன்று ராசாத்தி வராந்தாவில் நின்று ஓவென்று அழுதாள்.

ஆனால் அதற்கு முன்பே சண்டை வந்துவிட்டது. செல்லம்மாவின் மகன் திருப்பூரிலிருந்து வந்து இறங்கினான். கூடவே ஊர்க்காரர்கள் சிலர்.

"எங்கம்மாவுக்குத் தப்பா மருந்து குடுத்தது யாரு? எழுதினவரா, குடுத்தவங்களா? யார் பொறுப்புன்னு இப்பச் சொல்லணும்" என்றான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மருந்து என்றால் மருந்து ஜன்னல்தானே. டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் வேலை போவதோடு மருந்தாளுநர் பதிவும் போய்விடும், பிறகு எந்தக் கடையிலும் நிற்க முடியாது. 'என் மேல போடாத' என்று அவர் சொன்னது என் காதிலேயே இருந்தது. ராசாத்தி முன்னால் வந்து, "நான்தாம்பா குடுத்தேன்" என்று ஆரம்பித்தாள். டாக்டர் அவளைக் கையால் நிறுத்தினார்.

"எழுதினது நான். சரியாத்தான் எழுதினேன். ஆனா ஆளைப் பாக்காம எழுதினேன். வாயைத் திறக்கச் சொல்லியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். இந்தம்மா சரியாத்தான் குடுத்துச்சு, சொல்லியும் குடுத்துச்சு. ஆனா ஆளு கையில குடுக்கல. என் பங்கு பெருசு, அதுக்குப் பங்கு சின்னது. கேஸ் போடுறதுன்னா மொதல்ல என் மேல போடு."

பிறகு அவர் குணம் எங்கே போகும்? "நீயும்தான் ஒரு தடவையாவது ஒங்கம்மாவைக் கூட்டிட்டு வந்திருக்கியா? போ, போய் அந்தம்மாவுக்கு எளநி வாங்கிட்டு வா" என்று கத்தினார். அவன் போய் இளநீர் வாங்கி வந்தான். கேஸ் எதுவும் போடவில்லை.

அன்று சாயங்காலம் நானே அவர் அறைக்குப் போனேன். சண்டை பாக்கி இருக்கிறதே. "சார், வார மாத்திரைக்கு ஆளே வரணும். சீட்டு மட்டும் வந்தா நீங்க எழுதக் கூடாது, நான் குடுக்க மாட்டேன்" என்றேன். "சரி" என்றார். அவ்வளவுதான். ராசாத்திதான் இன்னொன்றும் சொன்னாள். "அந்த ஒத்த மாத்திரை எந்த டப்பாவுலயும் இருக்க வேணாம்மா. சனிக்கெழமை நானே அவளக் கூட்டியாறேன், ஒங்க ஜன்னல்லயே போட்டுக்கட்டும்." செல்லம்மாவின் ரத்தம் சரியானதும் அப்படியே நடந்தது. சனிக்கிழமைகளில் செல்லம்மா என் ஜன்னலில் வந்து நின்று, என் கண் முன்னால் மாத்திரையை விழுங்கிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுப் போவாள். பிறகு மற்ற வார மாத்திரைக்காரர்களும் அப்படியே வந்தார்கள். சனிக்கிழமை என் ஜன்னலில் திருவிழாக் கூட்டம்தான்.

நான் ஓய்வு பெற்ற நாளையும் சொல்லிவிடுகிறேன். கடைசியாக ஒரு முறை ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். வரிசையில் டாக்டர் நிற்கிறார். முன்னால் நின்றவர் வழி விட்டதற்கு, "வரிசைன்னா வரிசைதான், திரும்பி நில்லு" என்று அவரைத் திட்டினார். அவர் முறை வந்ததும் சீட்டை நீட்டினார். அவருடைய ரத்தக் கொதிப்பு மாத்திரை, அவர் கையெழுத்திலேயே.

"போன மாசம் ஒரு வேளைதானே சார்? இப்ப ரெண்டு வேளையா?"

"ஆமா, ஏத்தியிருக்கேன்."

"பிரஷர் பாத்தது யாரு?"

வரிசையில் நின்றவர்கள் இனி என்ன கத்தல் வருமோ என்று ஒதுங்கினார்கள். அந்த வருஷங்களில் சின்ன டாக்டர் ஒருவரும் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

"ஆளைப் பாக்காம எழுதின சீட்டுக்கு நான் மருந்து குடுக்க மாட்டேன் சார். உள்ள சின்ன டாக்டர் இருக்காரு. டோக்கன் எடுத்துட்டுப் போய்ப் பாருங்க."

அவர் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய், டோக்கன் வில்லையை வாங்கி, பெஞ்சில் இரண்டு பேருக்கு நடுவில் இடம் பண்ணி உட்கார்ந்தார். அவர் முறை வந்ததும் உள்ளே போனார். பதறிப்போன சின்ன டாக்டர் என்ன கேட்டாரோ எனக்குத் தெரியாது. ஆனால் இவர் சொன்ன பதில், வழக்கம்போல, என் ஜன்னல்வரை கேட்டது.

"ஒக்காருங்க, ஒக்காருங்க. பிரஷர் பாக்கணும். எஸ்தர் அனுப்பினாங்க."

என் பெயர் அவருக்குத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.